அணிலுக்கு அடித்த மணி

எங்கள் வீட்டுக் கொல்லையில் பறவைகளுக்காக நான் வைத்த தட்டைப் பற்றி எழுத வேண்டுமானால், அந்தத் தட்டுக்கு நான்கடி தள்ளி, மதிலுக்கு அப்பால், ஜன்னலைச் சாத்திக்கொண்டு பகலில் உறங்க முயன்ற ஒரு மனிதரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில் வேலை செய்பவர். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் அவருக்கு இரவு ஷிப்ட். அந்த வாரங்களில் அவர் பகலில் நன்றாக உறங்கினால்தான் இரவில் அவருடைய கை இயந்திரத்துக்கு வெளியே இருக்கும். இவ்வளவு எளிய உண்மை எனக்கு நெடுநாள் எட்டவில்லை. எட்டாதிருந்த காலம் முழுவதும் அவர் என்னைப் பொறுத்துக்கொண்டார். அந்தப் பொறுமைக்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மத்திகிரியில். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்டோர்ஸ்காரனுக்கு எக்காலத்திலும் பொது ஷிப்ட்தான். காலையில் போய் மாலையில் திரும்பினேன், இரவில் உறங்கினேன். இரவு வேலை செய்பவர்களுக்குக் கையுறையும் கண்ணாடியும் எண்ணிக் கொடுத்தேனே தவிர, அவர்கள் வீட்டுக்குப் போய் எப்போது கண்ணை மூடுகிறார்கள் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் பின்னால் முன்பு கேழ்வரகு விளைந்த நிலம் இருந்தது. அதை மனைகளாகப் பிரித்துக் கல் நட்டார்கள். அடுத்த பருவத்தில் தினைக்குருவிகள் வழக்கம்போலக் கூட்டமாக வந்தன. கதிர் இருந்த இடத்தில் வெள்ளையடித்த கற்கள் இருந்தன. கல்லுக்கு ஒன்றாக உட்கார்ந்து சற்று நேரம் பார்த்துவிட்டுப் பறந்து போயின. அன்று காலை ஓதிய பதிகத்தில், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதவன் என்று இறைவனைப் பாடியிருந்தேன். வாய் பாடியதைக் கை செய்யட்டும் என்று தோன்றியது. குந்தாரப்பள்ளிச் சந்தையிலிருந்து கம்பும் தினையும் கேழ்வரகும் வாங்கி வந்தேன். ஓர் இரும்புக் குழாயை மதிலோரமாக நட்டு, உச்சியில் பலகை பொருத்தி, பலகைமேல் விளிம்புள்ள மண் தட்டை வைத்தேன். பூசை முடிந்ததும் தட்டை நிரப்புவது, அவை உண்ணத் தொடங்கிய பிறகு நான் உண்பது என்று ஏற்படுத்திக்கொண்டேன்.

முதலில் சிட்டுக்குருவிகள் வந்தன. பிறகு தினைக்குருவிகள், பிறகு இரண்டு மணிப்புறாக்கள். பத்து நாள் நான் செல்வந்தனாக இருந்தேன். பதினோராம் நாள் அணில் வந்தது.

அது வந்தால் பறவைகள் எழுந்துவிடும். தட்டின் நடுவில் உட்கார்ந்து, முன்னங்கால்களால் கம்பை அள்ளி அள்ளித் தின்னும். தின்றது போக மிச்சத்தைக் காலால் தள்ளிக் கீழே கொட்டும். மறுநாள் இரண்டு வந்தன. வாரம் முடிவதற்குள் நான்கு. கொய்யா மரத்திலிருந்து மதிலுக்கும், மதிலிலிருந்து குழாய்க்கும், குழாயிலிருந்து தட்டுக்கும் அவற்றுக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்தது போல் இருந்தது.

குழாய் வழுக்கினால் ஏற முடியாது என்று எண்ணினேன். வழுக்க வைக்க எதைப் பூசுவது என்று யோசித்தபோது, விளக்கில் எரிந்து மிஞ்சும் நெய் நினைவுக்கு வந்தது. சாமிக்கு ஏற்றிய நெய்யைக் கால்படும் இடத்தில் கொட்டக் கூடாதென்று ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்திருந்தேன். அதற்கு இதைவிட நல்ல பயன் இருக்குமா என்று மகிழ்ந்து, குழாய் முழுவதும் பூசினேன். ஒரு நாள் முழுக்க அணில்கள் குழாயைக் கட்டிக்கொண்டு நக்கின. அன்று மாலை எறும்புகள் வந்தன. மறுநாள் தட்டில் தானியத்தைவிட எறும்பு அதிகம். நெய் இறகில் ஒட்டினால் பறவை பறக்கச் சிரமப்படும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்; சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

என் மனைவி கொல்லைக் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க, அதுக்கு சோறு போட்டது பத்தாதுன்னு நெய்யும் ஊத்தினீங்களா. இன்னும் அப்பளம் மட்டுந்தான் பாக்கி."

"மிளகாய்த்தூள் கலந்து வைக்கலாம்னு சொல்றாங்க. குருவிக்குக் காரம் தெரியாதாம், அணிலுக்குத் தெரியுமாம்."

"வைங்க. காத்தடிச்சா நமக்கும் தெரியும். முதுகுல கோடு போட்டுத் தடவிக் கொடுத்து அனுப்பினது ஒருத்தரு, மொளகாத்தூள் தூவி வெரட்றது நீங்க. நல்ல பக்தி."

மிளகாய்த்தூளைக் கைவிட்டேன்.

அதன் பிறகுதான் மணி வந்தது. எங்கள் பூசையறையில் பிடியில் நந்தி அமர்ந்த வெண்கலக் கைமணி ஒன்று உண்டு. கனமானது, நாக்கும் பெரியது. ஒரு நாள் தீபம் காட்டிக்கொண்டிருக்கையில், திறந்திருந்த கதவு வழியாகத் தட்டின்மேல் அணிலைக் கண்டேன். கையிலிருந்த மணியோடு அப்படியே கொல்லைக்குப் போய் ஓங்கி அடித்தேன். நான்கும் நான்கு பக்கம் சிதறி ஓடின. கால் மணி நேரத்தில் குருவிகள் திரும்பி வந்தன, அணில்கள் வரவில்லை. இறைவனே வழி காட்டினான் என்று நம்பினேன். இப்படி எழுதும்போது கூசுகிறது, ஆனால் அன்று அப்படித்தான் நம்பினேன்.

அன்று முதல் காலை எட்டு மணிக்குப் பூசை முடிந்ததும் பதிகம் பாடியபடி கொல்லை நாற்காலியில் உட்காருவேன். மணி மடியில் இருக்கும். அணில் தலை காட்டினால் பாட்டின் நடுவிலேயே அடிப்பேன். பத்து மணி வரை இது நடக்கும். அணில்கள் விரைவில் பழகிக்கொண்டன. எனவே நான் இன்னும் ஓங்கி, இன்னும் நீளமாக அடிக்க வேண்டியதாயிற்று.

"சாமிக்கு ஒரு தரம், அணிலுக்குப் பத்துத் தரம்," என்றாள் என் மனைவி. எல்லா உயிருக்குள்ளும் நின்றவனே என்று நான் உருகிப் பாடி, அந்த அடி முடிவதற்குள் ஓர் உயிரை மணி அடித்துத் துரத்தும் அழகை அவள் சுட்டிக்காட்டவில்லை. எனக்கும் அது அப்போது தெரியவில்லை.

மதிலுக்கு அப்பால் வாடகைக்கு இருந்த குடும்பம் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள், கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு பெண். அவர் நாற்பதைக் கடந்தவர், ஒடிசலானவர். தெருவில் எதிர்ப்பட்டால் பையைக் கைமாற்றிக்கொண்டு வணக்கம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் வெள்ளையும் வெளிர்நீலமுமாக உடுத்தி மாதா கோயிலுக்குப் போவார்கள். எங்களுக்குள் கிறிஸ்துமஸ் கேக்கும் பொங்கலும் மதில்மேல் கைமாறியதுண்டு. அதற்கு மேல் பழக்கம் இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, பத்து மணிக்குச் சற்று முன்பு, அந்த வீட்டு அம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னோம். வரவில்லை. முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டார்.

"அய்யா, தப்பா நினைச்சிரக் கூடாது. உங்க பூசை எத்தனை மணிக்கு முடியும்?"

"ஏம்மா?"

"இல்ல, இந்த மணி அடிக்கீங்கள்லா, அது ஏழு மணிக்குள்ள முடியுற மாதிரி வச்சுக்கிட முடியுமான்னு. தெனமும் வேண்டாம். அவிய நைட் ஷிப்ட் போற வாரம் மட்டும். ஏழரைக்குத்தான் கம்பெனி பஸ் கொண்டாந்து விடும். வந்து கஞ்சிய குடிச்சிட்டுப் படுப்பாவ. கண்ண மூடையில மணி சத்தம் வருது. அதுக்கப்புறம் அவியளுக்குத் தூக்கம் ஒட்டவே மாட்டங்கு."

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"எத்தனை நாளாம்மா?" என்று அவள்தான் கேட்டாள்.

"ஆச்சும்மா, மூணு மாசம். சொல்ல வேண்டாம்னுதான் இருந்தோம். நேத்து ராத்திரி மெஷின் முன்னாடி நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டாவ. தகட்ட உள்ள வச்ச கைய எடுக்கல. பக்கத்து மெஷின்காரரு சட்டையப் புடிச்சுப் பின்னால இழுத்துப் போட்டாராம். இல்லன்னா இன்னைக்குக் கையோட வந்திருக்க மாட்டாவ. சூப்பர்வைசரு, இன்னொரு தடவை பார்த்தா மெஷின விட்டு எடுத்துருவேன்னு சொல்லிட்டாரு. வேலை போனாக்கூட வேற பார்க்கலாம். கை போனா எங்கிட்டுப் போய் வாங்க?"

"முன்னாடியே சொல்லி இருக்கலாமேம்மா," என்றாள் என் மனைவி.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நாங்க வேதக்காரவுக. ஊரு விட்டு ஊரு வந்து வாடகைக்கு இருக்கோம். உங்க சாமி மணிய நிறுத்துங்கன்னு நாங்க வந்து சொன்னா தெருவுல எப்படி எடுத்துக்கிடுவாங்க? அவியதான் சொன்னாவ, பெரியவரு அவ்வளவு உருக்கமாக் கும்பிடுதாரு, அதுல போய் நாம குறுக்க நிக்கக் கூடாதுன்னு. நான் வந்தது அவியளுக்குத் தெரியாது."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ஆகட்டும்மா, இனிமே ஏழுக்குள்ள முடிச்சிடறேன்," என்றேன். அவர் இரு கையும் கூப்பி, கண் கலங்கி, எனக்கு நன்றி சொன்னார். ஒரு குற்றத்துக்கு அதைச் செய்தவனே நன்றி வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்பதை அன்று அறிந்தேன்.

அவர் போனதும் என் மனைவி கதவைச் சாத்தினாள்.

"சாமி மேல பழியப் போட்டுட்டு நின்னீங்களே."

"நான் எங்க போட்டேன்?"

"போடல. அந்தம்மா போட்டாங்க, நீங்க எடுத்து விடல. ரெண்டும் ஒண்ணுதான்."

கொல்லையில் அணில்கள் நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தன. ஐம்பது ஆண்டுகளாக ஓதி வரும் பதிகத்தை மனத்துக்குள் எடுத்தேன். இரண்டாம் அடி வரவில்லை. நான் மதித்த பாடல்களையெல்லாம் ஒரு வேலியாக நட்டு, அதற்குள் என் தானியத்தைக் காத்திருக்கிறேன் என்று அப்போது விளங்கியது. நெற்றியில் நீறு இல்லாத ஒருவர் காலையில் இரண்டு மணி நேரம் தகரத்தைத் தட்டியிருந்தால், மூன்றாம் நாளே தெரு கூடியிருக்கும். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாத இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை நான்கு மணிக்கு, அவர் எழுந்திருப்பார் என்று கணக்கிட்டு, அவர்கள் வீட்டுக்குப் போனேன். என் மனைவியும் உடன் வந்தாள். நான் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன் என்ற ஐயம் அவளுக்கு. அவர் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கண்கள் செம்மண் நிறத்தில் இருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து சட்டையைத் தேடினார்.

"உட்காருங்க தம்பி. நான் ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். அந்த மணி பூசைக்கு அடிச்சதில்லை. பூசைக்கு ஒரு தரந்தான். மீதியெல்லாம் அணிலை விரட்ட அடிச்சது."

அவர் டம்ளரோடு மீண்டும் உட்கார்ந்தார்.

"அணிலுக்கா?"

"ஆமாம். குருவிக்கு வச்சதைத் தின்னுடுது."

அவருடைய மனைவி சமையலறை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் காப்பி டம்ளரைத் தரையில் வைத்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

"நானும் தூக்கம் வராம படுத்துக்கிட்டு, சரி, பெரியவரு அவரு சாமியக் கும்பிடுதாரு, நாம நம்ம மாதாவக் கும்பிடுவோம்னு, உங்க மணி அடிக்க அடிக்கச் செபமாலைய உருட்டிக்கிட்டுக் கெடந்தேன் அய்யா. மூணு மாசமா. இப்பல்லா தெரியுது, அம்புட்டும் அணிலுக்குச் சொன்ன செபம்."

"மன்னிக்கணும் தம்பி."

"அதை விடுங்க. வந்து சொன்னீங்களே, அது போதும்." பிறகு தன் மனைவி பக்கம் திரும்பி, "நீ போய்ச் சொன்னியாக்கும்," என்றார். அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்.

என் மனைவி, "உங்க செபத்துலதான் அதுங்க இவ்ளோ கொழுத்துப் போச்சு," என்றாள். அதற்கு அவர் இன்னும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய தண்டனையைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த வாரம் மணியைப் பூசையறையை விட்டு வெளியே கொண்டுவரவில்லை. தானியமும் வைக்கவில்லை. தட்டையே எடுத்துவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து திரும்பிய அவர், வெள்ளைச் சட்டையை மாற்றிவிட்டு, கையில் தகடு வெட்டும் கத்தரியும் குறடும், கக்கத்தில் காலி எண்ணெய் டின் ஒன்றுமாக எங்கள் கொல்லைக்கு வந்து நின்றார்.

"கம்பெனித் தகடு இல்ல அய்யா, பயப்படாதீங்க. வீட்டு எண்ணெய் டின்னுதான்."

"கம்பெனியிலிருந்து கேட் பாஸ் இல்லாம ஒரு ஆணி வெளியே வராதுன்னு எனக்குத் தெரியாதா," என்றேன். என் வாழ்நாளில் பாதி அந்தப் பாஸில் கையெழுத்துப் போட்டே கழிந்தது.

அவர் முதலில் எதையும் வெட்டவில்லை. மதிலுக்கும் மரத்துக்கும் குழாய்க்கும் இடையே அடி வைத்து அளந்தார். ஓர் அணில் மதிலிலிருந்து தாவுவதை இரண்டு முறை கூர்ந்து பார்த்தார்.

"தப்பு அணில் மேல இல்ல. கம்பத்தக் கொண்டுபோய் மதிலுக்குப் பக்கத்துல நட்டிருக்கீங்க. அதுக்குப் பஸ் ஸ்டாண்டு மாதிரி வசதி."

குழாயைப் பிடுங்கி, மதிலிலிருந்தும் மரத்திலிருந்தும் பத்தடிக்குக் குறையாமல், கொல்லையின் நடுவில் நட்டோம். அப்படியே அது அவருடைய ஜன்னலை விட்டும் விலகியது. பிறகு டின்னைப் பிரித்துத் தட்டையாக்கி, வட்டமாக வெட்டி, ஓரிடத்தில் நடுவரை கீறி, வளைத்துக் கூம்பாக்கினார். விரித்த குடை போல் அது குழாயைச் சுற்றி, தட்டுக்கு ஓரடி கீழே, தரையிலிருந்து நெஞ்சளவு உயரத்தில் நின்றது. கீழிருந்து ஏறி வரும் அணில் குடைக்குள் முட்டும். விளிம்பைப் பிடித்துத் தொற்றினால் வழுக்கும்.

வேலை முடிந்தது என்று நான் எண்ணியபோது, அவர் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, விளிம்பை விரற்கடை விரற்கடையாகக் குறட்டால் உள்பக்கம் மடிக்கத் தொடங்கினார். வட்டம் முழுவதும் மடித்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

"இது எதுக்கு தம்பி?"

"தகட்டு ஓரம்லா. அது தாவிப் புடிக்கையில காலை அறுத்துரும்."

வேலையைத் தொடர்ந்தார். என்னால் தன் கையை இழக்க இருந்தவர், என் தானியத்தைத் திருடும் அணிலின் காலுக்காக அரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் ஓதிய பாடல்களிலெல்லாம் அருள் என்ற சொல் வரும். அதைப் பொருள் தெரிந்துதான் ஓதுகிறேன் என்று இருந்தேன். அன்று அந்த மடிப்பு விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அணில்கள் இரண்டு நாள் முயன்றன. குடைக்குள் தலையை விட்டு மேலே பார்க்கும், சுற்றி வரும், விளிம்பில் தொங்கி, வழுக்கிப் புல்லில் விழும், எழுந்து வாலை உதறிக்கொண்டு கத்தும். மூன்றாம் நாள் என் மனைவி பொறுக்க மாட்டாமல், கொய்யா மரத்தில் ஒரு கொட்டாங்குச்சியைக் கட்டி அதில் ஒரு பிடி நிலக்கடலையைப் போட்டாள். "அதுங்களும் வந்ததுங்கதான," என்றாள். பறவைகள் கீழே சிந்துவதும் அணில்களுக்கே சேர்ந்தது. அதற்குப் பிறகு இரு தரப்பும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை.

அவருடைய அடுத்த இரவு ஷிப்ட் வாரம் ஒரு திங்களன்று தொடங்கியது. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து நான் வாய்க்குள்ளேயே ஓதினேன். கைமணியைத் தொடவில்லை, தீபத்தை ஓசையின்றிக் காட்டினேன். ஓசையில்லாமல் வழிபட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. குரல் இல்லாதபோது சொற்கள் மெல்ல நடந்தன; எத்தனையோ ஆண்டுகளாக இசையோடு தாவிக் கடந்த சொற்களில் நின்று நின்று போக நேர்ந்தது. கொல்லையில் தினைக்குருவிகள் தட்டில் கேழ்வரகைக் கொத்தும் ஓசை கேட்டது. அது அவ்வளவு சிறிய ஓசை என்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஒன்பதானது, பத்தானது. பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தியபடியே இருந்தது. பதினொரு மணிக்கு என் மனைவி குக்கரை அடுப்பில் வைக்கப் போனவள், விசில் வருமே என்று அதை எடுத்துவிட்டுப் பாத்திரத்தில் சோற்றை வடித்தாள். அன்று நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் சைகையில்தான் பேசினோம். எங்கள் திருமணத்துக்குப் பிறகு அவ்வளவு அமைதியான ஒரு முற்பகல் இருந்ததாக நினைவில்லை.

இரண்டு மணிக்குத்தான் அந்த ஜன்னல் திறந்தது. தலை கலைந்து, கன்னத்தில் பாயின் கோடு பதிந்து, அவர் வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். நான் கொல்லையில் உலர்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அய்யா, மணி என்ன?"

"ரெண்டு."

"ரெண்டா?" அவர் நம்பாமல் உள்ளே திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி ஜன்னலுக்கு வந்தார். "ஓசூருக்கு வந்து இப்படித் தூங்குனதே இல்ல."

இரு கைகளாலும் ஜன்னல் கம்பிகளைப் பற்றிக்கொண்டு, சோம்பல் முறித்து, நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். கம்பிகளைச் சுற்றியிருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்தும் இருந்தன. அவர் முகம் கழுவப் போன பிறகும் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்று, யாருக்கும் கேட்காத குரலில் நன்றி சொன்னேன்.